இரண்டு வீட்டுக்கு ஓர் இயங்குதளம்

செப்டம்பர் 14, 2025, கீல், ஜெர்மனி

இரவுப்பணி முடிந்து வந்து படுத்தவள், மதியம் எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். மறுபடியும் அதே அறிவிப்பு: அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது. அதன்பிறகும் கணினி ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. என்னுடையதில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது.

2020இல் இங்கே பழைய கணினி விற்கும் கடையில் வாங்கியது. விசைகள் தேயவில்லை, 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. விசா புதுப்பிப்பு, செவிலியர் படிப்புக்கான அங்கீகாரக் கடிதங்கள், வருமான வரி எல்லாம் இதில்தான் நடந்தன. நன்றாக ஓடும் பொருளைக் குப்பைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

மாலையில் நாகர்கோவிலுக்குப் பேசினேன். அப்பாவின் கணினியிலும் அதே அறிவிப்பு. “என்ன மக்களே, இது என்னவோ அக்டோபரில் முடியும் என்கிறதே, மின்சாரக் கட்டணமா?” என்று கேட்டார். எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செப்டம்பர் 28

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இன்னும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் வரை, திருத்தங்கள் இலவசம் என்று இந்த வாரம் செய்தி. மைக்ரோசாஃப்ட் கணக்கு மட்டும் வேண்டும். எனக்கு அது போதும். நாகர்கோவிலுக்கு இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. தவிர, ஓராண்டு கழித்து இதே கேள்வி மறுபடியும் வந்து நிற்கும்.

எனவே லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். அதன் பல வகைகளில் எது? லினக்ஸ் மின்ட், டெபியன் இரண்டையும் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். மின்ட் அழகு, புதியவர்களுக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனாலும் என் மனம் டெபியனிடம் போயிற்று. 1993இல் தொடங்கியது, நிறுவனம் எதற்கும் சொந்தமில்லை, தன்னார்வலர்கள் நடத்துவது. ஆகஸ்ட் 9 அன்று 13ஆம் பதிப்பு வந்திருக்கிறது. ஒரு பதிப்புக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. இடையில் பட்டியல்கள் இடம் மாறா, பொத்தான்கள் உருமாறா. இதைப் பழமை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தொலைபேசியில் “இடது ஓரத்தில் மூன்றாவது வரியைத் தொடுங்கள்” என்று சொல்கிறவளுக்கு அந்த மூன்றாவது வரி அங்கேயே இருக்க வேண்டும்.

அக்டோபர் 3

ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள், விடுமுறை. கடைகள் அடைப்பு, மழை. நாள் முழுவதும் காப்புப் பிரதி எடுத்தேன்.

படங்கள், ஆவணங்கள் எளிது. மறந்துவிடக்கூடிய சின்னக் கோப்புகள்தான் ஆபத்து. எல்ஸ்டர் வரித் தளத்தில் நுழையும் சான்றிதழ் கோப்பு பதிவிறக்கக் கோப்புறையில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. அது தொலைந்தால் அஞ்சலில் புதிய குறியீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். உலாவியின் கடவுச்சொற்கள், வங்கிக்கான குறிப்புகள், பழைய வாடகை ஒப்பந்தத்தின் நகல் என ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெளி வன்தட்டு இரண்டு. ஒன்று மேசை இழுப்பறையில், மற்றொன்று மருத்துவமனையில் என் பெட்டகத்தில். ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் வைப்பது ஒரு பிரதி வைப்பதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. அப்படியே விட்டுவிடாமல், எடுத்த பிரதியிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன்.

அக்டோபர் 11

இன்று நிறுவினேன். மொழிப் பட்டியலில் கீழே போனால் ‘தமிழ்’. வரைகலை நிறுவியில் மட்டும்தான் அது உண்டு. எழுத்துமுகப்பு நிறுவியில் தமிழ் எழுத்துகளைக் காட்ட முடியாது. ஜெர்மன் தெரியும், ஆங்கிலம் தெரியும், இருந்தும் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். டிசம்பரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதே திரைகளைப் பார்க்கப் போகிறார். அவருக்கு முன்னால் நான் படித்துவிட வேண்டும்.

கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்யும் படியைத் தவறாமல் செய்தேன். ரயிலில் மடிக்கணினியோடு போகிறவள் நான். அதில் கடவுச்சீட்டின் நகல் இருக்கிறது. வைஃபை முதல் திரையிலேயே வேலை செய்தது. சாதன நிரல்களை வேறோர் இடத்திலிருந்து தேடி எடுத்த காலம் போய், 12ஆம் பதிப்பு முதல் அவை நிறுவியிலேயே வருகின்றன.

பணியிடத்தில் இதைச் சொன்னபோது மூத்த செவிலியர் ஒருவர், “எங்கள் மாநில அரசே அதைத்தான் செய்கிறது” என்றார். உண்மைதான். இந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் அரசு 2024 ஏப்ரலில் சுமார் 30,000 பணியிடங்களை லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்தது, லினக்ஸும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்திருக்கிறார்கள். மியூனிக் நகராட்சி இதே வழியில் போய் 2017இல் திரும்பி வர முடிவுசெய்ததையும் அவரே சொன்னார். என் ஊரின் அரசு திரும்பாமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அக்டோபர் 13

ழகரம் காணவில்லை.

இங்கே வாங்கிய கணினி என்பதால் விசைப்பலகை ஜெர்மன். தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையை நிறுவி ‘தமிழ்’ என்று அடித்தால் ‘தமி’ வந்து பக்கத்தில் ஒரு சிறு கோடு. ‘நாய்’ என்று அடித்தால் இரு முனையிலும் தலையில் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகள். ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் போயின. ளகரத்தைத் தொட்டால் ஔ வருகிறது.

இரவு முழுவதும் யோசித்துக் காரணத்தைக் கண்டேன். தமிழ்99 அமெரிக்க விசைப்பலகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. விரல் எந்த இடத்தில் படுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. அந்த விசை எந்த லத்தீன் எழுத்தைத் தருகிறது என்பதையே பார்க்கிறது. அமெரிக்கப் பலகையில் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் சாய்கோடும் இருக்கும் இடங்களில் ஜெர்மன் பலகையில் வேறு எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருப்பதால்தான் ளகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அந்தக் குழப்பம்.

தீர்வு, உள்ளீட்டு மென்பொருளின் அமைப்பில் தமிழ்99-க்கு மட்டும் அமெரிக்கத் தளவமைப்பை அடியில் வைப்பது. ஜெர்மனுக்கு ஜெர்மன் பலகை அப்படியே இருக்கும். ஐந்து எழுத்தும் வீடு திரும்பின. முதலில் அடித்த சொல் ‘வாழைப்பழம்’. வெளிநாட்டில் வாங்கிய கணினியில் தமிழ் எழுதுகிறவர்கள் இந்த ஓர் அமைப்பைத் தெரிந்துகொண்டால் நிறைய மன உளைச்சல் மிச்சம்.

அக்டோபர் 26

கோடைக்கால நேரம் முடிந்து, விடியற்காலை மூன்று மணி இரண்டானது. அந்த இரவில் எனக்குப் பணி. ஒரு மணி நேரம் கூடுதல். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணினி தானாகவே மாறியிருந்தது. பணிப்பட்டையில் கொல்கத்தா நேரத்தையும், அதாவது இந்திய நேரத்தையும், சேர்த்து வைத்திருக்கிறேன். நேற்றுவரை மூன்றரை மணி நேர வித்தியாசம், இன்று முதல் நாலரை. அம்மாவின் இரவு ஏழரை மணி அழைப்பு இனி எனக்கு மூன்று மணிக்கு வரும்.

நவம்பர் 2

அப்பாவின் கோப்புகள். குமரி மாவட்ட ஊர்ப்பெயர்களைப் பற்றி அவர் பல ஆண்டுகளாக எழுதிவரும் குறிப்புகள், எல்லாம் பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு அது. புதிய கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும். ஆனால் தேட முடியாது, கைப்பேசியில் தெரியாது. அந்த எழுத்துரு இல்லாத நாளில் அவருடைய உழைப்பு ஆங்கிலக் குப்பையாக நிற்கும். இந்த மாற்றத்தில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

சென்னையில் இருக்கும் அத்தை மகன் ஓப்பன்-தமிழ் நிரலகத்தை வைத்து இருபது வரியில் ஒரு சிறு நிரல் எழுதி அனுப்பினான். நூற்று எண்பது கோப்புகள் சில நொடிகளில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறி எழுத்துகளாயின. குறிப்புகளுக்கு இடையே அப்பா ஆங்கிலத்தில் அடித்திருந்த நூற்பெயர்களும் சேர்ந்து தமிழ் எழுத்துகளாகிப் பொருளிழந்தன. அவற்றைக் கையால் திருத்தத்தான் வேண்டும். வாரத்துக்குப் பத்து என்று பிரித்துக்கொண்டேன்.

நவம்பர் 16

டெபியன் 13.2 வந்தது. புதுப்பித்தேன், மறுதொடக்கம் செய்தேன், எதுவும் மாறவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

டிசம்பர் 22, நாகர்கோவில்

திருவனந்தபுரத்தில் இறங்கி ஊர் வந்து சேர்ந்த மறுநாளே ஆரம்பித்தோம். முதலில் காப்புப் பிரதி. பிறகு நிறுவல். நடுவில் மின்சாரம் போயிற்று, யுபிஎஸ் தாங்கியது.

அப்பா தமிழ்99 பழக மாட்டேன் என்றார். தட்டச்சுத் தேர்வு எழுதிய விரல்கள். வற்புறுத்தவில்லை, தட்டச்சுப்பொறி முறையும் அதே பட்டியலில் இருக்கிறது. விரல் பழைய இடத்துக்கே போகிறது, விழுகிற எழுத்து ஒருங்குறி. ‘கோப்பு’, ‘திற’, ‘சேமி’ என்று பட்டியலைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார்.

மாலையில் தோவாளை என்ற பெயரைப் பற்றி ஒரு பத்தி அடித்து அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா அடுக்களையில் நின்றபடியே அதைத் தன் கைப்பேசியில் படித்தாள். அவர் எழுதியதை அம்மா தன் கைப்பேசியில் படித்தது இதுவே முதல் தடவை. “இரண்டாவது வரியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது” என்று குரல் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த வரிக்குப் போனார்.