கசிவு எங்கே என்று காட்டுங்கள்

பெரிய கம்பெனி கார் வைத்திருப்பவர் சர்வீஸ் பில்லைப் பற்றி வாய் திறந்தால் போதும், "யானையைக் கட்டி வைத்துவிட்டுத் தீனிக்கு அழலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. தீனிக்குக் காசு கேட்டால் கொடுக்கலாம். யானை தின்னாத தீனிக்கும் சேர்த்துப் பில் போட்டால் கேட்கத்தான் வேண்டும்.

நான் வேலை பார்த்ததெல்லாம் தொழிற்சாலைப் பராமரிப்பில். அதிலும் பெரும்பகுதி காற்றழுத்த லைன்களோடு. கம்ப்ரசர், டிரையர், வால்வ், கசிவு, இதுதான் என் பிழைப்பு. எங்கள் வீட்டில் இருப்பது ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) உள்ள ஜெர்மன் செடான். வாரண்டி முடிந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் முன்பக்கம் இடது மூலை டயர் மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எழுந்தது. இரவு நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தது. டீலரிடம் கொண்டுபோனேன்.

எஸ்டிமேட் வந்தது. காற்றை அழுத்தும் கம்ப்ரசர், முன்பக்க ஸ்ட்ரட் (காற்றுப் பை உள்ள தாங்கு தூண்) இரண்டும், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக், கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் ஸ்விட்சான ரிலே, அப்புறம் லேபர், காலிபரேஷன். மொத்தத் தொகைக்கு நன்றாக ஓடுகிற பழைய சின்னக் கார் ஒன்றே வாங்கிவிடலாம்.

"கம்ப்ரசர் போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சது தம்பி?" என்று சர்வீஸ் அட்வைசரைக் கேட்டேன்.

"ஸ்கேனர்ல கோட் வந்திருக்கு மேடம்."

"கசிவு எங்கேன்னு பார்த்தீங்களா?"

"அதுக்குத்தான் மேடம் செட்டாவே மாத்திடறோம். நாளைக்கு இன்னொண்ணு போச்சுன்னா நீங்கதான் திரும்ப அலையணும்."

அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த அந்தப் பழுதுக் குறியீடு, அதாவது கோட், சொன்னது, குறித்த நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை என்பதை மட்டும். ஏன் ஏறவில்லை என்று அது சொல்லவே இல்லை. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. எங்கோ காற்று கசிந்தால், இறங்கிய காரைத் தூக்க அது ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் ஓடும். சூடேறும். உள்ளே பிஸ்டன் சீல் தேயும். சில சமயம் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, நிற்காமல் ஓடிக் கருகியும் போகும். கசிவை விட்டுவிட்டுப் புது கம்ப்ரசர் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். எல்லாவற்றையும் செட்டாக மாற்றினால் கசிவும் பெரும்பாலும் நின்றுவிடும், உண்மைதான். நல்ல நிலையில் இருந்த எத்தனை பாகங்களுக்கு நாம் காசு கொடுத்தோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

காரைத் திருப்பி எடுத்து வந்தேன். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்துகொண்டேன். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி தெரியும். அங்கே பித்தளை ஃபிட்டிங் ஒன்றில் காற்றுக் குழாய் வந்து சேர்கிறது. அடித்துவிட்டுக் காத்திருந்தேன். வலது பக்கம் நுரை அப்படியே வழிந்து இறங்கியது. இடது பக்கம் ஃபிட்டிங்கின் கழுத்தைச் சுற்றிக் கடுகளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பி, வெள்ளை வளையம் போலத் திரண்டு நின்றன. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே இடம், அதே வளையம்.

வெளி ஒர்க்‌ஷாப்பில் ஏர் சஸ்பென்ஷன் தெரிந்த ஒருவர் குழாயைக் கழற்றிக் காட்டினார். நுனியில் நீளவாக்கில் ஒரு கீறல். நுனியை நேராக வெட்டி, புது ஃபிட்டிங் போட்டார். பழைய ரிலேயையும் மாற்றச் சொன்னேன். கார் இறங்கவில்லை. கம்ப்ரசர், ஸ்ட்ரட், வால்வ் பிளாக் எல்லாம் பழையதேதான். (இதை நீங்களே பார்ப்பதானால் மேலிருந்து மட்டும் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் கார் திடீரென்று இறங்கிவிடும். முறையான ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் கையோ தலையோ போகவே கூடாது.)

டீலரின் லேபர் விகிதம் ஏன் அதிகம் என்பது எனக்குப் புரிகிறது. பயிற்சி, விசேஷக் கருவிகள், பிராண்டு கேட்கிற மாதிரியான கட்டடம், எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. புதுக்கார் விற்பதில் லாபம் மெலிந்துபோனதால் சர்வீஸும் ஸ்பேரும்தான் பல டீலர்களைத் தாங்குகின்றன. ஆனால் லேபர் எப்படிக் கணக்காகிறது என்று பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனி முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறது. டெக்னீஷியன் அதைவிடச் சீக்கிரம் முடித்தாலும் பில் அந்த நேரத்துக்குத்தான். இரண்டு வேலைக்கும் ஒரே பாகத்தைத்தான் கழற்ற வேண்டும் என்றால், அந்தக் கழற்றும் நேரம் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் பல கார்களில் அப்படித்தான். "ரெண்டுக்கும் ஒரே தடவைதானே கழட்டுவீங்க?" என்று கேட்டாலே எஸ்டிமேட் திருத்தப்படுவது உண்டு.

ஸ்பேர் விஷயத்துக்கு வருவோம். காரில் முன்னால் இருக்கிற லோகோவுக்குச் சொந்தமான கம்பெனி உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதில்லை. பாஷ், இசட்.எஃப், மாலே, பிரெம்போ போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். இசட்.எஃப்பின் 8 ஸ்பீட் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் பி.எம்.டபிள்யூவிலும் உண்டு, ஜாகுவாரிலும் உண்டு, ரேஞ்ச் ரோவரிலும் உண்டு. முதல் தலைமுறை போர்ஷே கயென்னும் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்கும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. செய்தவர் யாரென்று தெரிந்து அவருடைய பெட்டியிலேயே வாங்கினால், தரத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் விலை இறங்கும். டூப்ளிகேட் வாங்கச் சொல்லவில்லை. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் டூப்ளிகேட் பக்கம் போகவே போகாதீர்கள்.

அந்த கியர்பாக்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்தவர்களான இசட்.எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் பல சர்வீஸ் கவுண்டர்களில் "அது லைஃப்டைம் ஆயில், தொட வேண்டாம்" என்பார்கள். தேவையில்லாததை மாற்றச் சொல்வதைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது. அழுக்கான ஆயிலில் வருஷக்கணக்கில் ஓடி ஒரு நாள் ஷிஃப்ட் முரண்டு பிடிக்கும். அப்போது கிடைக்கும் எஸ்டிமேட் முழு கியர்பாக்ஸுக்கானது.

அடுத்தது மென்பொருள் பூட்டு. சில கார்களில் புது பேட்டரி போட்டால், போட்டிருப்பதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்துத் தப்பாகச் சார்ஜ் செய்யும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேட் மாற்றும்முன் சர்வீஸ் மோடுக்குப் போக வேண்டும். நல்ல ஸ்கேனர் இருந்தால் இரண்டும் சில நிமிட வேலை. தெரிந்த வெளி மெக்கானிக் இதைச் செய்வார். "எங்களால மட்டும்தான் முடியும்" என்ற பேச்சை இதற்கெல்லாம் நம்ப வேண்டியதில்லை. சாவி, சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசர், திருட்டைத் தடுக்க அந்தந்தக் காரோடு பூட்டிய மாட்யூல்கள், இவற்றுக்குத்தான் கம்பெனி சர்வரின் அனுமதி தேவைப்படும். அங்கே டீலரை விட்டால் பெரும்பாலும் வழியில்லை.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் முழு உண்மையல்ல. தங்கள் பிராண்டு பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று நிபந்தனை விதிப்பதை அமெரிக்காவின் மேக்னஸன்-மாஸ் சட்டம் 1975லேயே தடுத்தது. ஐரோப்பாவில் 2002லும் 2010லும் வந்த வணிகப் போட்டி விதிகள் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு இடம் கொடுத்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012ல் பழுது பார்க்கும் உரிமைக்குத் தனிச் சட்டமே போட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2014ல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்து, ஸ்பேர் பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. இப்படி இத்தனை இடங்களில் சட்டம் தலையிட வேண்டியிருந்தது என்றால், பில்லைப் பார்த்து மலைத்தவர்கள் கஞ்சர்கள் இல்லை.

இப்போது நான் எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்கிறேன், லேபர் தனியாக, ஸ்பேர் தனியாக. கோட் பிரிண்ட் கேட்கிறேன். எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம் போனது என்று முடிவு செய்தீர்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்கிறேன். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கிறேன். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், முடிந்தபிறகு கேட்டால் "ஸ்கிராப்ல போயிடுச்சு" என்ற பதில்தான் வரும். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வாரண்டி இருக்கும்வரை பெரிய பழுதுக்கு டீலரிடமே போங்கள். ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) வேலைக்கும் அங்கேதான் போக வேண்டும். தகாட்டா ஏர்பேக் மாதிரியான பாதுகாப்பு ரீகால் என்றால் மாற்றித்தருவது இலவசம், நீங்கள் வருஷக்கணக்கில் வெளியே சர்வீஸ் செய்திருந்தாலும் சரி. சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கண்டிப்பாகக் கேளுங்கள், ஏனென்றால் தபால் பழைய ஓனர் முகவரிக்குத்தான் போயிருக்கும்.