மதிய இடைவேளையும் ஒரு காலி வகுப்பறையும்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

இன்று ஓரியூர் திருவிழா. அம்மாவும் பெரியம்மாவும் விடியுமுன்னே தங்கச்சிமடத்திலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள். எனக்கு இன்டர்னல் தேர்வு, போக முடியவில்லை. சாயங்காலம் வந்த அம்மா வழக்கம்போல ஒரு பொட்டலம் செம்மண்ணை நீட்டி, "நெத்தியில பூசிக்க, நல்லா எழுதுவ" என்றார். பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்றேன். "ரிசல்ட்டு வரலல்ல?" என்றார்.

1693ஆம் ஆண்டு இதே நாளில் ஓரியூரில்தான் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியாரின் தலையை வெட்டினார்கள். அம்மா கொண்டுவந்தது அந்த இடத்து மண். லிஸ்பனில் பிறந்து மறவர் சீமையில் வந்து முடிந்த வாழ்க்கை. கோயில் பிரசங்கத்தில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார் என்பதோடு கதை நின்றுவிடும். வரலாற்றுப் பாடம் எடுத்த பிறகுதான் அதற்குள் ஒரு குடும்ப வழக்கும் இருப்பது தெரிந்தது. மறவர் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதும் ஒரே ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். விவகாரம் அரண்மனை ஏறியது, பழி சாமியார் மேல் விழுந்தது. சேதுபதிக்கு வேற்று மதம் என்றாலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. முஸ்லிமான கீழக்கரை சீதக்காதி வள்ளல் அவருக்கு எவ்வளவு வேண்டியவர் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு எப்போதும் உறுத்துவது அந்தப் பெண்தான். ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வெட்டச் சொன்னவருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

பிப்ரவரி 19, புதன்

மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடியில் காலியாக இருக்கும் ஒரு வகுப்பறையில் நாங்கள் சிலர் கூடிச் செபிப்பது வழக்கம். ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தகோஸ்து எல்லாம் கலந்த கூட்டம். ஒரு சங்கீதம் வாசிப்போம், யாருக்காக வேண்ட வேண்டுமோ அவர்கள் பெயரைச் சொல்வோம், கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம். ஆர்.சி.க்காரர்கள் நாங்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பிப்போம், மற்றவர்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார்கள். இரண்டும் மோதிக்கொண்டு ஓடி ஆமென்னில்தான் ஒன்றுசேரும்.

இந்த மாதம் முழுக்க ஒரே வேண்டுதல். மண்டபத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழியின் அப்பா கூலிக்குப் போன விசைப்படகை நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஊர்க்காவல்துறை நீதிமன்றம், பிறகு யாழ்ப்பாணம் சிறை. அவள் இந்து. நாங்கள் கூப்பிடவில்லை, அவளாகவே ஒரு நாள் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். செபிக்கும்போது கண்ணை மூடுவதில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று ஆபீசிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். "காலேஜ்ல ப்ரேயர்லாம் கூடாது. கலைஞ்சு போங்க" என்றார். எங்கே எழுதியிருக்கிறது சார் என்று ஒரு பையன் கேட்டான். "மேலிடத்து உத்தரவு" என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலிடம் என்றால் எந்த மாடி என்று தெரியவில்லை. நாங்களே மேல்மாடியில்தான் இருந்தோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

குழுவின் சீனியர் அண்ணன் கொதித்துப்போயிருக்கிறார். பூட்டிய கதவைப் படம் எடுத்து, 'கிறிஸ்தவ மாணவர்கள் மீது துன்புறுத்தல்' என்று வாட்ஸாப்பில் போடலாம் என்கிறார். வேண்டாம் அண்ணே என்றேன். அறையைப் பூட்டியது தப்புதான். ஆனால் துன்புறுத்தல் என்ற சொல்லை இதற்கே செலவழித்துவிட்டால், நிஜமாக ஒருவன் அடிபடும்போது என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை என்பதால் வகுப்பில் பாதிப் பேர் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. இந்த மாவட்டத்தில் அது நடைமுறை, நல்ல நடைமுறை. ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டர் லேபில் ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நானும் பொரிகடலை வாங்கித் தின்றேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'மதம் கூடாது' என்பது விதியாக இருந்தால் இதெல்லாம் எப்படி? விதி இல்லை என்றால் எங்கள் பத்து நிமிடம் மட்டும் எப்படிக் குற்றம்?

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறும்வரை இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நூலகத்தில் அரசியலமைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டித் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பிரிவுகள்தான். நமக்கென்று ஒரு வழக்கு வந்த பிறகு படித்தால் ஒவ்வொரு வார்த்தையும் கனக்கிறது.

25ஆவது பிரிவு: மனச்சான்றுச் சுதந்திரம், மதத்தை வெளிப்படையாக ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டது. 28ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. ஆபீஸ்காரர் மனதில் இருந்தது இதுவாக இருக்கலாம். ஆனால் இது நிறுவனம் போதிப்பதைப் பற்றியது. சாப்பிட்டுவிட்டு நாலு பேர் கண்ணை மூடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதே சமயம், செபிக்க எங்களுக்கு ஒரு அறை தந்தே ஆக வேண்டும் என்றும் எங்கேயும் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னால் கோபப்படுவார்.

அறை விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு வழக்கு இருப்பதை வரலாற்றுத் துறை மேடம் சொன்னார். கன்சாஸ் சிட்டியில் இருக்கும் மிசௌரிப் பல்கலைக்கழகம் மற்ற மாணவர் குழுக்களுக்கெல்லாம் அறை கொடுத்துவிட்டு, ஒரு கிறிஸ்தவக் குழுவுக்கு மட்டும் வழிபாட்டைக் காரணம் காட்டி மறுத்தது. 1981இல் அங்கே உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் திறந்த கதவை மதத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு மட்டும் மூடக்கூடாது என்றது. நம் ஊர்ச் சட்டம் இல்லைதான், ஆனால் நான் கேட்க நினைத்ததும் அதுதான். மாடி அறையில் செஸ் ஆடலாம், குரூப் ஸ்டடி பண்ணலாம், ரீல்ஸ்கூட எடுக்கலாம். அப்படியானால் இதுவும்.

நம் நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு எழுதினார். அவர்களுடைய நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அது அவர்கள் மனதார நம்புவதா என்பதுதான் கேள்வி என்கிறது தீர்ப்பு. இதைப் படித்தபோது எங்கள் குழுவைவிடப் பின் பெஞ்சுத் தோழியைத்தான் அதிகம் நினைத்தேன்.

அரசியல் நிர்ணய சபை விவாதம் ஒன்றும் கண்ணில் பட்டது. 1948 டிசம்பரில் 'பரப்புதல்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னபோது, அது இருக்கட்டும் என்றவர்களில் ஒருவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் அங்கே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரப்பும் உரிமைக்கு ஒரு எல்லை போட்டது: உன் மதத்தை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மாற்றுவதை உன் உரிமை என்று கேட்க முடியாது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். வகுப்பில் ஒருத்தி, "நீ எப்படி திருநீறு பூச ஆரம்பிச்ச?" என்றாள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று விளக்கி முடிப்பதற்குள் இன்னொருத்தி கேட்டாள், மறுபடி முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே ரம்ஜான் நோன்பு ஆரம்பம். இன்று எனக்கும் ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. கீழக்கரைத் தோழியும் நானும் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். "உனக்குத் தண்ணியாச்சும் உண்டு" என்று அவள் அலுத்துக்கொண்டாள். அவளும் சில பெண்களும் லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு ஒரு மூலை தேடி அலைகிறார்களாம். பையன்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, இவர்களுக்கு லேடீஸ் ரூம்தான், அங்கேயும் எந்நேரமும் கூட்டம். எங்கள் அறை பூட்டிக்கிடப்பதைச் சொன்னேன். "சேர்ந்தே கேப்போமா?" என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

அறையைக் கேட்டுக் கல்லூரிக்கு மனு எழுதுமுன் குழுவில் பேசினோம். அது சுமுகமாகப் போகவில்லை.

முஸ்லிம் பெண்களோடு சேர்ந்து கேட்பதில் அண்ணனுக்குத் தயக்கம். வெளியிலிருந்து ஒரு பாஸ்டரை அழைத்து வந்து ஒரு நாள் கூட்டம் நடத்த அனுமதியும் மனுவில் வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் செபிப்பதும், வெளியாள் வந்து மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றா? அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து தோழி எழுந்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் வர்றது எங்கப்பாவுக்காக. இங்க ஒவ்வொரு நாளும் அவர் பேரச் சொல்றீங்க, எங்க வீட்டுலகூட அழுகாமச் சொல்ல ஆளில்ல. ஆனா தினம் பஸ் ஸ்டாண்டுல என் கையில ஒரு துண்டுப்பிரசுரம் குடுக்குறீங்க. நேத்து அம்மாகிட்ட போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை சபைக்கு வந்தா அப்பா சீக்கிரம் வந்துருவார்னு சொல்லியிருக்கீங்க."

யாரும் பேசவில்லை. அண்ணன், "ஆண்டவர் சித்தத்தைச் சொன்னேன்" என்றார். சிறையில் புருஷன் இருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த வாக்குறுதியைக் கொடுக்க இவர் யார்? எனக்கு வந்த கோபத்தில் பைபிளைச் சத்தமாக மூடிவிட்டேன். அண்ணன் கெட்டவர் இல்லை. என் காய்ச்சலுக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மருந்து வாங்கித் தந்தவர். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

மனுவில் கடைசியாக நாங்கள் எழுதியது: மதிய இடைவேளையில் மாடி அறையை எந்த மதத்தினரும், மதம் இல்லாதவர்களும் அமைதியாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும். மைக் இல்லை, வெளியாட்கள் இல்லை, வசூல் இல்லை. வருபவர் யாரையும் எதிலும் சேரச் சொல்வதில்லை. அந்தக் கடைசி வரி தோழி சொல்லி எழுதியது. அண்ணன் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 15, சனி

அப்பா கச்சத்தீவிலிருந்து மதியம் திரும்பினார். அந்தோணியார் கோயிலில் நேற்று மாலை கொடியேற்றம், இன்று காலை திருவிழாப் பூசை. அந்தக் கரையிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பேசினாராம். படகு பிடிப்பதைப் பற்றி இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை, கோயில் வாசல் என்பதால்.

கச்சத்தீவு பற்றிய 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவை இன்று தேடிப் படித்தேன். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போகலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்று இருக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் எல்லைக் கோடு போட்ட காகிதத்திலேயே செபிக்கப் போகிறவர்களுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் மனு இன்னும் மேஜையில் கிடக்கிறது.

மார்ச் 20, வியாழன்

சித்தி வந்திருந்தார். கன்னியாஸ்திரி, உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கல்லூரிக் கதையைக் கேட்டு வருத்தப்பட்டார். நான் 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவைக் காட்டினேன். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் எவரையும் அவர் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது.

"உங்க ஸ்கூல் அசெம்பிளில ஜெபம் சொல்றப்போ முஸ்லிம் பிள்ளைங்க, இந்துப் பிள்ளைங்க என்ன செய்வாங்க சித்தி?"

"கையக் கூப்பி நிப்பாங்க. யாரும் வேணாம்னு சொன்னதில்லையே."

"யாராச்சும் கேட்டிருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். கலாம் ஐயா ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி ஜோசப் கல்லூரியிலும் படித்தவர்தானே, அவர் குறைந்துபோய்விட்டாரா என்றார். நான் கேட்டது அது இல்லை என்று அவருக்கே தெரியும். போகும்போது, "அட்மிஷன் பாரத்துல ஒரு வரி சேக்கலாம். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்றார். பேசுவார், சித்தி சொன்னால் செய்வார்.

மார்ச் 28, வெள்ளி

பதில் வந்தது, வாய்மொழியாகத்தான். அறையைத் திறந்துவிடுவார்கள், துறையில் ஒரு நோட்டில் பெயர் எழுதிச் சாவி வாங்க வேண்டும், மணி அடித்ததும் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டோம். "குடுத்ததை வச்சுக்கங்கம்மா" என்றார்கள். இது பத்தாது. அடுத்த கல்லூரி முதல்வர் வந்தால் இந்தச் சாவி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தில் தரச் சொல்லி இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பாதி நேரம் கீழக்கரைப் பெண்களுக்கு, மீதி எங்களுக்கு. இன்று முதல் ஆளாக நோட்டில் கையெழுத்துப் போட்டது மண்டபத்துத் தோழி. அப்பாவுக்கு அடுத்த வாய்தா ஏப்ரலில், வக்கீலிடம் பேசியிருக்கிறார்கள். அண்ணன் வரவில்லை, ஆனால் துண்டுப்பிரசுரமும் நின்றுவிட்டதாம். பெருநாள் திங்களா செவ்வாயா என்பது பிறையைப் பொறுத்தது. எதுவானாலும் பிரியாணி கீழக்கரையிலிருந்து வரும். தவக்காலத்தில் கறி சாப்பிடலாமா என்று அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.