என் தம்பியின் கொலை வழக்கும் தற்காப்பு உரிமையும்

என் தம்பி மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட நாளிலிருந்து யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாள்வரை அந்த வழக்கோடு கூடவே நடந்தவன் நான். சட்டம் படித்தவன் அல்லன்; பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்படியொரு நிலை வேறொரு குடும்பத்துக்கு வந்தால், 'அவன் தன்னைக் காப்பாற்றத்தானே அடித்தான்' என்ற ஒற்றை வசனத்தை நம்பிக்கொண்டு அவர்கள் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இறந்தவரின் குடும்பத்தாரும் எங்கள் ஊரவர்களே என்பதால் பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

பிணக்கு ஒரு வேலியைப் பற்றியது. தூரத்து உறவில் எங்களுக்கு மாமா முறையான அயலவருக்கும் தம்பிக்கும் எல்லை தொடர்பாக நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. பொலிஸில் முறைப்பாடு இருந்தது. இணக்க சபையிலும் இரு தரப்பும் இருந்து கதைத்துவிட்டு முடிவில்லாமல் எழும்பியிருந்தார்கள். ஒருநாள் மாலை, பொழுதுபட்ட பின்னர், அவர் கத்தியோடு தம்பியின் வளவுக்குள் வந்தார். முதல் வெட்டைத் தம்பி இடது கையால் தடுத்தான். வேலி அடைப்பதற்காக வெட்டிக் குவித்திருந்த கதியால்களில் ஒன்றை எடுத்து இரண்டு முறை அடித்தான். ஒன்று தோளில், மற்றது தலையில். தம்பியின் மனைவி 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தார். மாமா வைத்தியசாலையில் இறந்துபோனார்.

அன்றிரவு நடந்தவற்றில் பின்னர் வழக்கைத் தாங்கி நின்றது எது என்று கேட்டால், தம்பியின் கைக் காயம் எழுத்தில் பதிவானதுதான் என்பேன். அவனைக் கைது செய்தபோது கையில் ஒரு துணி சுற்றியிருந்தது. இரத்தம் நின்றிருந்ததால் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் தாதியாக வேலை செய்தவர். அவர்தான் சட்ட வைத்திய அதிகாரி பார்க்காமல் அந்தக் காயத்துக்கு மருந்து கட்டிவிடக் கூடாது என்று விடாப்பிடியாக நின்றார். யாழ் போதனா வைத்தியசாலையில் அந்தப் பரிசோதனை நடந்து, காயத்தின் நீளம், ஆழம், திசை எல்லாம் படிவத்தில் வரையப்பட்ட உடல் உருவத்தின் மேல் குறிக்கப்பட்டன. முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கமாக ஒரு வெட்டு. முகத்துக்கு நேரே வரும் ஆயுதத்தைத் தடுக்கக் கையை உயர்த்துபவனுக்கு அந்தப் பக்கத்தில்தான் காயம் விழும் என்பது சட்ட மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விடயம் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சில வாரங்களில் ஆறிப்போகும் ஒரு காயம், பல வருடங்களுக்குப் பின்னர் சாட்சிக்கூண்டில் ஒரு வைத்தியரின் வாயிலிருந்து மறுபடி வரவேண்டுமானால், அது முதல் நாளே தாளில் ஏறியிருக்க வேண்டும்.

கொலை வழக்கில் நீதவானால் பிணை வழங்க முடியாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி மேல் நீதிமன்ற நீதிபதி மட்டுமே அதனை வழங்கலாம். எனவே விளக்கமறியல் தவணை தவணையாக நீண்டது. சிறைச்சாலைக்குச் சாப்பாடு கொண்டுபோவது, தவணை நாளில் அவன் வாகனத்திலிருந்து இறங்கும்போது முகத்தைப் பார்ப்பது என்று அந்தக் காலம் கழிந்தது. அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் மேல் நீதிமன்றம் கடுமையான நிபந்தனைகளோடு பிணை வழங்கியது.

எங்கள் சட்டத்தரணி மூத்தவர், அதிகம் பேசாதவர். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டது இதுதான்: "மாஸ்டர், தம்பி அடிக்கேல்லை எண்டு சொல்லப் போறியளோ, அடிச்சவர், ஏன் அடிச்சவர் எண்டு சொல்லப் போறியளோ? ரெண்டையும் சேர்த்துச் சொல்ல ஏலாது." உறவினர்களில் சிலர், மாமா கால் தடுக்கி விழுந்தார் என்று சொல்லலாம், இருட்டில் யார் அடித்தார்கள் என்று தெரியாது என்று சொல்லலாம் எனப் பலவிதமாக யோசனை கூறிக்கொண்டிருந்தார்கள். தற்காப்பு என்பது செயலை ஒப்புக்கொண்டு, அந்தச் செயல் குற்றமாகாது என்று காட்டுவது. அடித்ததை மறுப்பவனுக்கு அந்த வாசல் ஏறத்தாழ மூடப்பட்டுவிடும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். தம்பி அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தான். நடந்ததை நடந்தபடி சொல்வதாகவே அவன் இருந்தான்.

சட்டம் எப்படி இருக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதன் 89ஆம் பிரிவு முதல் 99ஆம் பிரிவு வரை தனியார் தற்காப்பு உரிமை பற்றியவை. அந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்யப்படும் எதுவும் குற்றமாகாது என்று 89 சொல்கிறது. தாக்குபவரால் மரணமோ கடுங்காயமோ ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிர்ப்பவர் அவருக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளும் என்பது 93. அச்சம் எழும் கணத்தில் உரிமை தொடங்கி, அச்சம் நீடிக்கும்வரை நிலைக்கும் என்பது 95. ஆனால் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது 92தான். பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. பாதுகாப்புக்குத் தேவையானதற்கு மேலான தீங்கைச் செய்யவும் உரிமை இல்லை. ஒருவர் அந்த எல்லையை, முன்யோசனையின்றியும் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமின்றியும், நல்லெண்ணத்தோடு மீறியிருந்தால், 294ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு அதனைக் கொலையிலிருந்து கைமோசக் கொலையாக, அதாவது கொலைக் குற்றமாகாத மனிதக் கொலையாக, குறைக்கும். கொலைக்கு மரண தண்டனை. 1976க்குப் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், தீர்ப்பு அந்தச் சொற்களில்தான் வாசிக்கப்படும். கைமோசக் கொலைக்கு 20 வருடங்கள் வரை சிறை. ஒரு மனிதன் இருட்டில் எடுத்த ஒரு கண முடிவு இந்த மூன்று கட்டங்களில் எதற்குள் விழும் என்பதுதான் முழு வழக்கும்.

இன்னொரு விடயமும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. கொலையை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது அரச தரப்பின் பொறுப்பு. ஆனால் தற்காப்பு போன்ற விதிவிலக்கை நிறுவும் பொறுப்பைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1935இல் வூல்மிங்டன் வழக்கில், எதிரி நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே போதும் என்று அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்ட கோட்பாட்டை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்றும், விதிவிலக்கை எதிரியே நிகழ்தகவுகளின் சமநிலையில் நிறுவ வேண்டும் என்றும் 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் தீர்மானிக்கப்பட்டது. அரச தரப்புக்கு வேண்டிய அளவு உறுதி எதிரியிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆயினும் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு அமர்ந்துவிட முடியாது. கணிதம் படிப்பித்த எனக்கே இது மனத்தில் பதியச் சில நாட்கள் எடுத்தன.

நீதவான் முன்னிலையில் நடந்த சுருக்கமுறையற்ற விசாரணையில், அதாவது மேல் நீதிமன்றத்துக்குப் போகுமுன் நடக்கும் ஆரம்ப விசாரணையில், சாட்சிகள் சொன்னவை பதிவாகின. பின்னர் வழக்குக் கோவை கொழும்புக்குப் போய், சட்டமா அதிபரின் குற்றப்பகர்வுப் பத்திரம், அதாவது எழுத்திலான குற்றச்சாட்டு, வந்தது. ஜூரி வேண்டுமா என்று மேல் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டபோது, ஜூரியின்றி நீதிபதி முன்னிலையில் விசாரணையைத் தம்பி தெரிவு செய்தான். சட்டத்தரணியின் ஆலோசனை அது. இரண்டு அடிகளுக்கிடையில் இருந்த இடைவெளியைச் சட்டக் கண்ணால் பார்க்க வேண்டிய வழக்கு இது என்றார்.

விளக்கம், அதாவது மேல் நீதிமன்ற வழக்கு விசாரணை, தொடங்குவதற்கு முன்னர், குறைந்த குற்றத்தை, அதாவது கைமோசக் கொலையை, எதிரி ஏற்றுக்கொண்டால் அரச தரப்பு அதனைப் பரிசீலிக்கும் என்ற பேச்சு எழுந்தது. எங்கள் வீட்டில் அன்று எவரும் சாப்பிடவில்லை. தம்பியின் மனைவி ஏற்றுக்கொள்ளும்படி அழுதார். பிள்ளைகள் சிறியவர்கள், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தம்பி என்னிடம் சொன்னான்: "அண்ணை, நான் செய்ததுக்கு என்ன தண்டனை எண்டாலும் குடுக்கட்டும். ஆனா அவர் கத்தியோட என்ரை முத்தத்துக்கு வந்தவர் எண்டது தீர்ப்பிலை இருக்கோணும்." விளக்கத்துக்குப் போனோம்.

கண்கண்ட சாட்சி இறந்தவரின் மகன். தந்தையை இழந்த பிள்ளை. அவர் கூண்டில் ஏறியபோது எங்களில் எவருக்கும் அவர்மேல் கோபம் இருக்கவில்லை. தந்தை வெறுங்கையோடு கதைக்கப் போனார் என்று அவர் சொன்னார். பொலிஸாருக்குக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் கத்தி பற்றி அவர் குறிப்பிட்டிருந்தார் என்பதும், நீதவான் முன்னிலையில் அதை விட்டுவிட்டார் என்பதும் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டப்பட்டு முரண்பாடுகளாக அடையாளமிடப்பட்டன. கத்தி வேலிக்கு இந்தப் பக்கம், தம்பியின் வளவுக்குள் கிடந்ததைப் பொலிஸாரின் சம்பவ இட வரைபடம் அளவோடு காட்டியது. பழைய முறைப்பாடுகளை அரச தரப்பு பகைமைக்குச் சான்றாக எடுத்தது. அதே முறைப்பாடுகளை எங்கள் சட்டத்தரணி, பொலிஸையும் இணக்க சபையையும் நாடிப் பழகிய ஒருவன் தானாகக் கையை ஓங்கியிருக்க மாட்டான் என்று காட்டப் பயன்படுத்தினார். மாமா படலையில் நின்று சத்தம் போட்ட நேரத்தில் தம்பியின் மனைவி 119க்கு எடுத்த அழைப்பு, தொலைபேசிப் பதிவில் இருந்தது. நீதிமன்றக் கட்டளை பெற்று அந்தப் பதிவை எடுப்பித்திருந்தோம். பொலிஸார் வந்து சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தன என்பதால், 92ஆம் பிரிவின் முதல் தடை எங்களுக்குத் தடையாகவில்லை.

சட்ட வைத்திய அதிகாரியின் சாட்சியம்தான் இரு பக்கமும் வெட்டியது. தம்பியின் கைக் காயம் தற்காப்புக் காயமாக இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். சட்டத்தரணி மேசையிலிருந்த அடிமட்டத்தைக் கையில் கொடுத்து, கை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று காட்டச் சொன்னார். வைத்தியர் முழங்கையை மடித்து நெற்றிக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். ஆனால் இறந்தவரின் தலைக் காயம் உச்சிக்குச் சற்றுப் பின்னே இருந்தது. நிமிர்ந்து எதிரே நிற்பவருக்கு அந்த இடத்தில் அடி விழுவது கடினம். அவர் குனிந்திருக்க வேண்டும். குனிந்தவரை ஏன் அடிக்க வேண்டும் என்பதே அரச சட்டவாதியின் வாதம்.

அதற்குப் பதில் தம்பியிடம் மட்டுமே இருந்தது. எதிரிக்கு மூன்று வழிகள் உண்டு: மௌனமாக இருக்கலாம்; எதிரிக்கூண்டிலிருந்து சத்தியமின்றி வாக்குமூலம் கொடுக்கலாம்; சாட்சிக்கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்கலாம். எதிரிக்கூண்டு வாக்குமூலமும் சான்றாகக் கருதப்பட வேண்டும் என்பது 1968இன் குலரத்ன வழக்கிலிருந்து நிலைபெற்றது. எனினும் அது சத்தியத்தின் மேல் சொல்லப்படாதது, குறுக்கு விசாரணையால் சோதிக்கப்படாதது என்ற குறை அதற்கு உண்டு. நிறுவும் பொறுப்பே தம்பியின் மேல் இருந்ததால் அவன் சாட்சிக்கூண்டில் ஏறினான். தோளில் விழுந்த அடியோடு கத்தி கை நழுவியது என்றும், அதை எடுக்க மாமா குனிந்தார் என்றும், அப்போதுதான் இரண்டாவது அடியை அடித்ததாகவும் சொன்னான். கத்தியைக் காலால் தள்ளியிருக்கலாமே, பின்னால் ஓடியிருக்கலாமே என்று கேள்விகள் தொடர்ந்தன. "அந்த நேரம் எனக்கு அது வரேல்லை" என்று மட்டும் பதில் சொன்னான். கத்தி இன்னும் அவர் கையில் இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும்; வைத்தியரின் சாட்சியம் அந்தப் பொய்யை உடைத்திருக்கும். அவன் சொன்ன உண்மையோ, குனிந்தவரின் தலையில் ஏன் அடி என்ற கேள்விக்கு ஒரே பொருத்தமான விளக்கமாக நின்றது.

ஆபத்தில் நிற்பவனின் செயலைப் பொன்தராசில் நிறுக்க முடியாது என்று எங்கள் சட்டத்தரணி வாதிட்டார். நீதிபதி தமது தீர்ப்பில், இறந்தவர் கத்தியோடு எதிரியின் வளவுக்குள் நுழைந்து முதலில் வெட்டினார் என்றும், தற்காப்பு உரிமை அக்கணத்தில் பிறந்தது என்றும், அவர் கத்தியை எடுக்கக் குனிந்தபோதும் அச்சம் முற்றாக நீங்கவில்லை என்றும் கண்டார். ஆயினும் ஆயுதமற்றிருந்த அந்தக் கணத்தில் தலையில் முழு விசையோடு அடித்தது தேவையை மீறியது என்று முடிவு செய்து, இரண்டாவது விதிவிலக்கின் கீழ் தம்பியைக் கைமோசக் கொலைக்குக் குற்றவாளியாக்கினார். 2 வருடக் கடூழியச் சிறை 5 வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இறந்தவரின் மனைவிக்கு நட்டஈடு வழங்கும்படியும் கட்டளையிடப்பட்டது.

விளக்கத்துக்கு முன்னரே ஏற்றிருக்கக்கூடிய அதே குற்றம்தானே கடைசியில் வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதே என் உறுதியான எண்ணம். அன்று ஏற்றிருந்தால், மாமா எதற்காக எங்கள் வளவுக்குள் வந்தார் என்பதைச் சாட்சிகளைக் கேட்டு ஆராய்ந்து எந்த நீதிமன்றமும் தீர்மானித்திருக்காது. அந்த இரண்டாவது அடி பற்றிய நீதிபதியின் கருத்தோடு நான் இன்றும் முழுதாக உடன்படவில்லை. வேறொரு நீதிபதி விடுதலை செய்திருக்கவும் கூடும். ஆனால் மேன்முறையீட்டுக்குரிய 14 நாட்களுக்குள் நாங்கள் கூடிக் கதைத்தபோது, தம்பி மேன்முறையீடு வேண்டாம் என்றான். நட்டஈட்டுப் பணத்தை, தோட்டக் காணியில் ஒரு பகுதியை விற்று, நீதிமன்றப் பதிவாளரிடம் ஒரே தடவையில் கட்டினோம்.