லைலா: கரண்ட்டா, மரமா?

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கிட்டார் கலைஞரும் பாடகருமான எரிக் கிளாப்டனின் 'லைலா'வை 1970 எலக்ட்ரிக் கிட்டார் வடிவம், 1992 அன்பிளக்டு வடிவம் (அகூஸ்டிக், அதாவது கரண்ட் வேண்டாத மரக் கிட்டார்) என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஆள், ஒரே பாட்டு, ஆனால் இரண்டிலும் காதல் வேறு. முதலாவதில் 25 வயதுப் பையன் நண்பனின் மனைவியை நினைத்துக் கதறுகிறான். இரண்டாவதில் 46 வயதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, அதே கதையை எப்போதோ நடந்தது மாதிரி சொல்கிறார். 1970 பாட்டைத் தொடங்கிவைக்கும் அந்த ரிஃப்பே (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இல்லை!

திறமை என்று பார்த்தால் அகூஸ்டிக்கில் ஒளிந்துகொள்ள இடமில்லை. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எலக்ட்ரிக் வித்தை) கிடையாது, ஸ்வரம் மீட்டிய கொஞ்ச நேரத்திலேயே அடங்கிவிடும், விரல் தடுமாறினால் ஊருக்கே கேட்கும்.

ஆனாலும் என் ஓட்டு எலக்ட்ரிக்குக்குத்தான். காரணம் கிளாப்டன் இல்லை (அடிக்க வராதீர்கள்), 1970 பதிவில் அவரோடு கிட்டார் வாசித்த டுவேன் ஆல்மன். விரலில் கண்ணாடிக் குப்பியை மாட்டி அதைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் வாசித்த மனிதர். ஃப்ரெட்டுகள் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகள்) முடிந்த இடத்தையும் தாண்டிக் கம்பியில் வழுக்கிக்கொண்டே போவார், பாட்டு முடியும்போது பியானோவுக்கு மேலே குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது அவர் கிட்டார்தான். ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடுத்த வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார், 24 வயது. அன்பிளக்டில் அந்தப் பியானோ பகுதியையே எடுத்துவிட்டார்கள்.

சரி, நீங்கள் எந்தக் கட்சி?