வயர் கொளுத்திய இடமும் கோழியின் ஈரலும்

டெல்டாவில் கோழி செத்தால் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல். அறுத்துப் பார்த்து ஈரல் வெளுத்திருந்தால் அடுத்த சந்தேகம் பூஞ்சை பிடித்த கடலைப்பிண்ணாக்கு, தவிடு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு இரண்டுமே நியாயமான சந்தேகம்தான். ஆனால் தீவனம் சுத்தம், தடுப்பூசியும் போட்டாயிற்று, அப்படியும் மாதக்கணக்கில் முட்டை குறைந்து, குஞ்சு பொரிப்பதும் குறைகிறது என்றால், கொல்லையில் பழைய வயரோ டயரோ கொளுத்திய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

செம்புக்காக வயரை எரிப்பதுதான் இதில் மிக மோசம். மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக்; அந்தப் பிசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். உள்ளே இருப்பது செம்பு. கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும்போது, 200 முதல் 450 டிகிரி சூட்டில், அந்தச் செம்பே வினையூக்கியாகி டையாக்சின், ஃபியூரான் என்ற கடும் நஞ்சுகளை உண்டாக்குகிறது. புகை காற்றோடு போய்விடும், சாம்பல் போகாது. டையாக்சின் தண்ணீரில் கரையாது. மழை அடித்தாலும் ஆழத்துக்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும்.

கோழி கிளறுவது அந்த மேல்மண்ணைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: மண் குளியலுக்குக் கோழி தேடிப் போவது பொலபொலவென்ற காய்ந்த இடத்தை. சாம்பல் மேடு அதற்கு மெத்தை மாதிரி. நடுவில் குழி பறித்து உட்கார்ந்து, இறக்கைக்குள் சாம்பலை அள்ளிப் போட்டுக்கொள்ளும். பிறகு எழுந்து இறகை ஒவ்வொன்றாக அலகால் கோதும்போது அது வயிற்றுக்குள் போகிறது.

உள்ளே போன நஞ்சு கொழுப்போடு சேர்ந்து ஈரல், அடிவயிற்றுக் கொழுப்பு, மஞ்சள் கரு மூன்றிலும் தங்கும். ஈரல் செல்லுக்குள் ஏற்பி எனும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, நஞ்சு முறிக்கும் நொதிகளை ஓயாமல் சுரக்க வைக்கும். ஆனால் டையாக்சின் அந்த நொதிகளுக்கு எளிதில் மசியாது. ஈரல் சேமித்து வைத்த வைட்டமின் ஏ கரையும், கொழுப்பு சேரும், செல்கள் அங்கங்கே சாகும்.

இதைக் கோழிதான் முதலில் காட்டும் என்பதற்கு 1968இல் ஜப்பானில் நடந்ததே சாட்சி. நெல் விளையும் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய சம்பவம் இது. தவிட்டு எண்ணெய் ஆலையில் மணம் நீக்கும் கட்டத்தில், சூடேற்றும் குழாய்க்குள் ஓடிய, டையாக்சினுக்கு உறவான பி.சி.பி. என்ற குளோரின் ரசாயனம் கசிந்து எண்ணெயில் கலந்தது. அந்த ஆலையின் உபபொருளான கறுப்பு எண்ணெய் கோழித் தீவனத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே சுமார் 4 லட்சம் கோழிகள் செத்தன. அதே எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர்களின் நோய் வெளியே தெரிந்தது அக்டோபரில். கோழிச் சாவின் காரணத்தை அன்றே கடைசிவரை துருவியிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். 1999இல் பெல்ஜியத்திலும் தீவனக் கொழுப்பில் பி.சி.பி. கலந்ததைக் காட்டிக்கொடுத்தவை கோழிகளே. முட்டை குறைந்தது, பொரிக்கவில்லை.

நம் கோழிக்கு வருவோம். ஈரல் கெட்டால் மனிதனுக்குக் கண் மஞ்சளாகும். கோழிக்கு அந்த அடையாளம் அபூர்வம். பித்தத்தின் பச்சை நிறமியை மஞ்சளாக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. அதனால் எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் பச்சை ஏறுகிறதா என்று பாருங்கள். பட்டினி கிடந்தாலும், வெள்ளைக்கழிச்சலிலும் பச்சை வரும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

செத்த கோழியை 2, 3 மணி நேரத்துக்குள் கையுறை போட்டு அறுங்கள். வெயிலில் கிடந்தால் ஈரல் அழுகி எதுவும் சொல்லாது. 1.5 கிலோ நாட்டுக்கோழிக்கு ஈரல் 30 முதல் 45 கிராம், கருஞ்சிவப்பு, ஓரம் கூர்மை. ஓரம் மழுங்கி, மஞ்சளோடி, விரலால் அழுத்தினால் உடைந்தால் கோளாறு. முட்டையிடும் பெட்டையின் ஈரல் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கும். பொரித்து ஒரு வாரம் ஆகாத குஞ்சின் ஈரல் மஞ்சளாகவே இருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊசிமுனை வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருந்தால் பெரும்பாலும் கிருமி. ஈரல் வெளுத்து, இதய உறையிலும் வயிற்றிலும் வைக்கோல் நிற நீர் கோத்திருந்தால் டையாக்சின் வகை நஞ்சை நினைக்க வேண்டும். தீவனத்தில் உப்பு கூடினாலும், இதயக் கோளாறிலும் நீர் கோக்கும் என்பதால் உப்பை முதலில் விசாரியுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். திசுப் பரிசோதனைக்கு அரை சென்டிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு, அதன் அளவைப்போல் 10 மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போடுங்கள். முழு ஈரலையும் சின்னக் குப்பியில் திணித்தால் நடுப்பகுதி அழுகிவிடும். ரசாயனப் பரிசோதனைக்கு ஃபார்மலினே கூடாது. ஈரலையும் அடிவயிற்றுக் கொழுப்பையும் அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்க வேண்டும். உயிரோடிருக்கும் மந்தைக்கு 10, 12 முட்டை போதும், மஞ்சள் கருதான் தேவை. மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோகும்போது, “கொல்லையில் வயர் எரித்திருக்கிறோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யாரும் தேட மாட்டார்கள். டையாக்சின் பரிசோதனைக்குச் செலவு அதிகம், செய்யும் ஆய்வகங்களும் குறைவு. அதனால் முடிவுக்குக் காத்திராமல் கோழியை அந்த இடத்திலிருந்து பிரிப்பதே முதல் வேலை.

கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதையும் ஈரல் டானிக்கையும் நான் தடுக்கவில்லை. ஆனால் கொழுப்பில் உறைந்த டையாக்சினை அவை இழுத்து வெளியே போடாது. கோழி தினமும் அதே சாம்பலில் புரண்டால் எந்த மருந்தும் வீண். சாம்பலை அள்ளி எருக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அது வயலுக்கும் வாத்துக்கும் போய்ச் சேரும். தூசி பறக்காமல் நனைத்து, மேலே பழைய தார்ப்பாய் விரித்து, ஒரு அடி உயரம் நல்ல களிமண் போட்டுக் கெட்டித்து, சுற்றி வேலி அடையுங்கள். மண் குளியலுக்கு வேறிடத்தில் ஆற்று மணலும் விறகடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். அந்த அடுப்பில் பிளாஸ்டிக் எரித்திருக்கக் கூடாது. தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வையுங்கள்.

பேனுக்கும் கறையானுக்கும் கூண்டு மரத்தில் கழிவு ஆயில் பூசுவதையும் விட்டுவிடுங்கள். முட்டை ஓட்டில் அது சில துளி பட்டாலே உள்ளே கரு சாகும். சுண்ணாம்பு அடித்து, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவினால் போதும். கஜா மாதிரி புயலில் மின்மாற்றி விழுந்து எண்ணெய் கொட்டிய தரையிலும் கோழியை விடாதீர்கள். எல்லா மின்மாற்றி எண்ணெயிலும் பி.சி.பி. இருக்காது, ஆனால் கண்ணாலோ மூக்காலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரித்து வைத்த பெட்டையின் உடம்பிலிருந்து நஞ்சு இறங்க மாதங்கள் ஆகும். இறங்கும் வழிகளில் முக்கியமானது முட்டைதான். அதனால் அந்த முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். வேகவைத்தாலும் டையாக்சின் அழியாது. ஈரலையும் கொழுப்பையும் குழம்பில் போட வேண்டாம்.