ஸ்காட்ஸ் படிக்கிறேன்: மூணாவது மாச அப்டேட்

ஸ்காட்லாந்துல பேசுற, இங்கிலீஷுக்கு நெருங்கின சொந்தமான ஸ்காட்ஸ் மொழி கத்துக்க உக்காந்து மூணு மாசம் ஆச்சு. நோட்டு முக்கால்வாசி நிரம்பிருச்சு, பேச இன்னும் வாய் வரல, ஆனா படிச்சா பாதிக்கு மேல புரியுது.

முதல் மாசம் சுத்த வேஸ்ட். நெட்ல கெடச்ச ஏதோ ஒரு வேர்ட் லிஸ்ட்ட நம்பி நாப்பது வார்த்தை மனப்பாடம் பண்ணேன், அப்புறம் ஸ்காட்ஸ் அகராதியே ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்குன்னு தெரிஞ்சு ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தா பாதி அதுல இல்லவே இல்ல, யாரோ இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க வளைச்சு நெளிச்சு எழுதி வச்சிருக்காங்க. கடுப்பாகி எல்லாத்தையும் அடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன்.

இந்தத் தடவ வார்த்தைய விட்டுட்டு சத்தத்த புடிச்சேன். நோட்டுல தமிழ் எழுத்துலயே ரெண்டு வரிசை, மொதல்ல இங்கிலீஷ், பக்கத்துல ஸ்காட்ஸ்: ஹவுஸ் - ஹூஸ், மவுஸ் - மூஸ், கவ் - கூ, டவுன் - டூன். ஹவுஸ்ங்கிறத இவங்க கொச்சையா ஹூஸ்ங்கிறாங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். தலைகீழ்! பழசு ஹூஸ்தான், மாறிப்போனது இங்கிலீஷ். தெற்குல, அதாவது இங்கிலாந்து பக்கம், மோன்னு இருந்தது மூன் ஆச்சு, அதாவது ஓகாரம் மேல ஏறி ஊகாரத்தோட எடத்துல உக்காந்து அத வெளிய தள்ளிருச்சு, அது அவுன்னு ஆயிருச்சு. வடக்குல அந்த ஓகாரம் 1300 வாக்குலயே வாயோட முன்பக்கம் நகந்துட்டதால ஊகாரத்த தள்ள ஆளே இல்ல, அது பாட்டுக்கு இருந்துச்சு. இது மண்டைல ஏற ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி உதட்ட குவிச்சுக்கிட்டு நின்னேன், வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க.

7ஆம் நூற்றாண்டுல ஆங்கிள்ஸ்ங்கிற ஜெர்மானியக் கூட்டம் நார்த்தம்ப்ரியாங்கிற வட இங்கிலாந்து ராஜ்ஜியத்துலருந்து எடின்பரோ பக்கம் கொண்டுவந்த பழைய ஆங்கிலம்தான் இந்த மொழிக்கு வேர். 12ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்தோட முதலாம் டேவிட் ராஜா பர்க்னு சந்தை ஊர்களா உண்டாக்கினப்போ வட இங்கிலாந்து வியாபாரிங்களும் வந்து குடியேறினாங்க, அவங்க பேச்சுல வைக்கிங் வாடை ஜாஸ்தி. சர்ச் இங்க கிர்க் ஆனது அப்படித்தான். எடின்பரோ மேப்ல கவ்கேட்னு ஒரு தெருவப் பாத்து மாட்டுக்கு எதுக்குடா கேட்டுன்னு முழிச்சேன். கேட்னா வைக்கிங்குகளோட நார்ஸ் மொழில தெரு. மாடு ஓட்டிட்டுப் போன வழி, அவ்ளோதான்.

பேர்லயும் குழப்பம். 1375ல ஜான் பார்பர்ங்கிற கவிஞர் ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் ப்ரூஸ் கதைய இதுல காவியமா எழுதினப்போ இந்த மொழிக்குப் பேரு இங்லிஸ், ஸ்காட்டிஸ்னா கேலிக், அதாவது ஸ்காட்லாந்தோட இன்னொரு மொழி, கெல்டிக் குடும்பம்! இத ஸ்காட்டிஸ்னு சொல்ற முதல் பதிவு 1494லதான் வருது.

ஸ்காட்லாந்து பார்லிமென்ட் சட்டமே இதுல எழுதிட்டிருந்தாங்க. அப்புறம் சரிவுதான்: 1560 மதச் சீர்திருத்தம் இங்கிலீஷ் பைபிளோட வந்துச்சு, 1603ல ராஜா ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி லண்டனுக்குக் கிளம்பிட்டாரு, 1707ல ரெண்டு நாடும் ஒண்ணானதுல பார்லிமென்ட்டும் போச்சு. 1983ல வில்லியம் லாரிமரோட ஸ்காட்ஸ் புதிய ஏற்பாடு வந்துச்சு, அதுல பின்னிணைப்புல ஒரு குசும்பு பண்ணிருக்காரு பாருங்க, சாத்தான் மட்டும் சுத்தமான இங்கிலீஷ் பேசுவான். சிரிச்சு முடியல.

இந்த வாரம் மாட்டினது மென்ஸீஸ்ங்கிற குடும்பப் பேரு. அங்க அத மிங்கிஸ்ம்பாங்க. அந்தப் பேர்ல இருந்தது யோக்னு ஒரு பழைய எழுத்து, பாக்க 3 மாதிரி இருக்கும், அச்சுக்கோக்கிறவங்ககிட்ட அந்த அச்சு இல்லாம இஸட்ட போட்டு ஒப்பேத்திட்டாங்க. இப்ப நோட்டுல இஸட் வர்ற எடமெல்லாம் சிவப்பு பேனாவால சுழிச்சுட்டிருக்கேன், இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.