இடது பக்கக் கட்டம்

நேற்றோடு பதவி உயர்வுத் தேர்வு முடிந்தது. எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம். அரை இஞ்ச் வாஷர் 3, ஒன்பது வாட் பல்பு 2, பெரிய மாமாவுக்குப் போன், சின்னவள் ஷூவுக்குக் கறுப்பு லேஸ். இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதலில் கலர் பேனாக்களோடுதான் ஆரம்பித்தேன். மஞ்சள் என்றால் முக்கியம், பச்சை என்றால் மிக முக்கியம், பிங்க் என்றால் கட்டாயம் வரும். நீலம் எதற்கு என்று இன்றுவரை நினைவில்லை. மூன்றாவது பாடம் முடிவதற்குள் புத்தகம் ஹோலிப் பண்டிகைக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது. சின்னவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கலர் அடிக்காததுதான் முக்கியமா?" என்றாள். அத்தோடு விட்டாளா? 2013இல் டன்லாஸ்கி என்பவரும் அவர் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டதில், கோடு போடுவது, கலர் அடிப்பதெல்லாம் அடித்தட்டில் கிடப்பதாகவும், தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்தட்டில் இருப்பதாகவும் போனைப் பார்த்து வாசித்தாள். பெற்ற பிள்ளை.

சரி என்று குறிப்பெடுக்கும் கார்னெல் முறைக்கு மாறினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் 1950களில் கொண்டுவந்தது. பக்கத்தின் இடதுபுறம் இரண்டரை அங்குலம் கேள்விகளுக்கு, வலதுபுறம் குறிப்புகளுக்கு, கீழே இரண்டு அங்குலம் சுருக்கத்துக்கு. நோட்டு முழுக்க ஸ்கேல் வைத்துக் கோடு போடவே மூன்று சாயங்காலம் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பிரமாதமாகப் படித்த திருப்தி எனக்கு.

வலதுபுறத்தில் புத்தகத்தை ஒரு கமா விடாமல் இறக்கிவைத்தேன். லேப்டாப்பில் தட்டச்சு செய்கிறவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிடுகிறார்கள், அதனால் விஷயம் மண்டையில் ஏறுவதில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வந்ததே, அதை நம்பித்தான் பேனாவைப் பிடித்தேன். பேனாவாலும் ஜெராக்ஸ் எடுக்க முடியும் என்பது என் கண்டுபிடிப்பு. இடது கட்டத்துக்கான கேள்விகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதலாம் என்று விட்டிருந்தேன். எட்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நம் வீட்டில் காலியாக ஓர் இடம் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருநாள் நோட்டைத் திறந்தால், இடது கட்டத்தில் என் மனைவியின் கையெழுத்தில் 'வாஷர் 3' என்று இருந்தது. கேட்டால், "காலியாத்தானேங்க கிடந்துச்சு" என்றாள்.

எழுதியதோடு நிற்கவில்லை. நான் கிளம்பும்போது வாசலில் நின்று, நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, என்னென்ன?" என்பாள். வாஷரை விட்டுவிட்டு வந்தால் மறுநாளும் அதே கேள்வி. இரண்டு நாள் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து, "வாஷர் எத்தனை?" மறைத்துவிட்டு வாயால் சொல்லச் சொன்னது பாக். நாள் விட்டு நாள் கேட்கச் சொன்னது டன்லாஸ்கி. இந்த இரண்டு பேரையும் அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

தேர்வு அறையில் 14ஆவது கேள்வி. மேல்முறையீட்டுக்கு அவகாசம் 30 நாளா, 60 நாளா? கண்ணை மூடினேன். நோட்டுப் பக்கம் அப்படியே வந்து நின்றது. வலதுபுறம் முழுக்கப் பனிமூட்டம். இடதுபுறம் பளிச்சென்று 'வாஷர் 3'. மூன்றாவது விடையை டிக் அடித்தேன்.

இதில் இன்னொரு கூத்து, கண்ணாடியை வேறு வீட்டிலேயே வைத்துவிட்டேன். கேள்வித்தாளைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. பின்னால் இருப்பவருக்குக் காட்டுகிறேன் என்று நினைத்து, கண்காணிக்க வந்தவர் இரண்டு தடவை, "சார், பேப்பரைக் கீழ வைங்க" என்றார். இந்த வயதில் காப்பி விவகாரத்தில் மாட்டுவதா? வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் குத்துமதிப்புதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த 30, 60 விவகாரத்தைப் பார்க்க நோட்டைப் பிரித்தேன். 30தான். அது முதல் விடை. அதே பக்கத்தின் அடியில், இரண்டு மாதமாக நான் எட்டிக்கூடப் பார்க்காத சுருக்கக் கட்டத்தில், பொடி எழுத்தில் இப்படி இருந்தது: 'பரீட்சைக்குக் கண்ணாடி எடுத்துக்குங்க. எப்படியும் மறப்பீங்க. பழைய கண்ணாடி பையில முன் ஜிப்ல இருக்கு.'

மூன்று மணி நேரமும் தேர்வு அறை வாசலில் கிடந்த பை. ஜிப்பைத் திறந்து பார்த்தேன். துடைத்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.